வெப்பம் இறைக்கும் மாளிகைகள்

செரண்டாவுக்குத் தெற்கே, புகைவண்டிப் பாதையில் அடுத்த நிலையமாக அமைந்திருப்பது ரவாங். அவ்வூரில் 1894ஆம் ஆண்டில் லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கும் பொறி ஒன்றை நிறுவினர். மலாயாவில் மின்சாரத்தின் வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது என்பர். சுரங்கத்தில் ஊறும் நீரை வெளியே இறைக்கும் பணிக்கு அம்மின்சாரம் பயன்பட்டது. அச்சுரங்கக் காலம் போய்விட்டது. தோண்டிய பள்ளங்கள் குளங்களாகிவிட்டன. ஆயினும் மின்சாரத்தைக் கொண்டு இறைக்கும் வேலை மட்டும் ஓயவில்லை. அன்று இறைத்தது நீர். இன்று இறைப்பது வெப்பம்.

குளிர்சாதனம் குளிர்ச்சியைப் படைக்கிறது என்று பலரும் கருதுகின்றனர். அஃது உண்மையன்று. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுவதே அதன் தொழில். கிணற்று நீரை இறைக்க மாடு உழைப்பதுபோல், அறையின் வெப்பத்தை இறைக்க மின்சாரம் உழைக்கிறது. இந்நாட்டின் அலுவலகக் கட்டடங்களில் செலவாகும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி இவ்வொரு வேலைக்கே போகின்றது. அம்மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியையும் எரிவாயுவையும் எரித்துப் பெறப்படுவது. ஆகவே, கட்டடம் ஒன்றினைத் திறனாய்வு செய்யப் புகுவோர் அதன் உயரத்தையும் பளபளப்பையும் மட்டும் கண்டு தீர்ப்புக் கூறுதல் போதாது. அஃது ஆண்டுக்கு எவ்வளவு வெப்பத்தை உள்ளே புகவிடுகிறது, அதனை வெளியேற்ற எவ்வளவு செலவிடுகிறது என்பதும் அதன் தகுதியை அளக்கும் கோலாதல் வேண்டும்.

பழைய அளவுகோல்

இவ்வளவுகோல் புதியதன்று. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் ஓர் அரண்மனையின் அமைப்பைக் கூறுகிறார். அதனை எழுப்பிய சிற்ப வல்லுநர் முதலில் கோல்களை நட்டு, கதிரவனின் நிழல் விழும் நிலையைப் பார்த்துத் திசையைத் துணிந்தனர். அதன் பின்னரே நூலிட்டு மனையை வகுத்தனர். அதே பாட்டில், வேனிற் காலத்தில் தென்றலைக் கொணரும் சாளரங்கள் கூதிர்க் காலத்தில் அடைக்கப்பட்டுக் கிடப்பதும், வேண்டாதனவாகிவிட்ட விசிறிகள் மடக்கித் தொங்கவிடப்பட்டிருப்பதும் கூறப்படுகின்றன. கட்டடம் முதலில் கதிரவனுக்கும் காற்றுக்கும் விடை கூற வேண்டும், அதன் பின்னரே அழகு என்பது அக்காலத்தார் கண்ட முறை.

திருவள்ளுவரும் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வரவு செலவுக் கணக்கைப் பேசுகிறார். வரவு சுருங்கியதாயினும் செலவின் வழி பெருகாதவரையில் ஒருவனுக்குத் தீங்கில்லை என்பது அவர் கருத்து. அரசனின் பொருளுக்குக் கூறப்பட்ட இம்முறை ஒரு கட்டடத்தின் ஆற்றலுக்கும் முற்றும் பொருந்தும்.

கடைவரிசையும் லயமும்

வாணிகக் கட்டடம் என்றவுடன் இன்று வானளாவிய மாளிகையே நினைவுக்கு வருகிறது. ஆனால் செரண்டா, ரவாங், கோல சிலாங்கூர் முதலிய ஊர்களின் பழைய கடைவரிசைகளும் வாணிகக் கட்டடங்களே. அவற்றின் முன்புறத்தில் ‘அஞ்சடி’ என்று வழங்கும் நடைபாதை மேல்மாடியின் நிழலில் அமைந்திருக்கும். 1822இல் சிங்கப்பூர் நகரை வகுத்த இராஃபிள்ஸ், வீடுகளின் முன்னே தொடர்ச்சியான கூரையுள்ள நடைபாதை வேண்டும் என்று விதித்ததிலிருந்து இம்முறை மலாயாவெங்கும் பரவியது. அதனால் வெயில் கடையின் சுவரைத் தொடுவதற்கு முன்பே தடுக்கப்பட்டது. கடையின் நடுவில் வானம் பார்த்த முற்றம் ஒன்று இருக்கும். சூடான காற்று அதன் வழியே மேலெழுந்து செல்ல, தெருப்பக்கத்துக் காற்று உள்ளே புகும். ஒரு காசு மின்சாரமும் இதற்குச் செலவில்லை.

தோட்டத்திலும் இவ்வறிவு இருந்தது. ஆனால் அது பதவிக்கு ஏற்பப் பங்கிடப்பட்டது. துரையின் பங்களா மேட்டில், மரநிழலில், உயர்ந்த கூரையும் அகன்ற தாழ்வாரமும் கொண்டு நின்றது. தொழிலாளரின் லயம் தகரக் கூரையின் கீழ் நண்பகலில் அடுப்பாயிற்று. குளிர்ச்சியாகக் கட்டுவது எப்படி என்பதை அறியாமையால் நேர்ந்த நிலை அன்று இது. யாருக்காகக் கட்டுகிறோம் என்ற எண்ணத்தால் நேர்ந்தது. இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டே இன்றைய மாளிகைகளையும் ஆராய வேண்டும்.

கண்ணாடி மோகம்

1902இல் அமெரிக்காவின் புரூக்ளின் நகரத்து அச்சகம் ஒன்றில், ஈரக் காற்றால் தாள் சுருங்கியும் விரிந்தும் அச்சு பிறழ்வதைத் தடுக்க, வில்லிஸ் கேரியர் என்னும் இளம் பொறியியலார் ஒரு கருவியை வகுத்தார். தாளுக்காக வகுத்த அக்கருவியே இன்றைய குளிர்சாதனத்தின் முன்னோடி. அது மனிதருக்கும் பயன்படத் தொடங்கிய பின்னர்க் கட்டடக் கலைஞர் பலர் கதிரவனைப் பார்ப்பதை விட்டுவிட்டனர். எப்படிக் கட்டினாலும் பொறி குளிர்விக்கும் என்ற துணிவு வந்துவிட்டது.

குளிர்நாட்டில் கண்ணாடிச் சுவருக்கு ஒரு நியாயம் உண்டு. அங்கே வெயில் விருந்தாளி. உள்ளே வந்த வெப்பத்தைக் கண்ணாடி தடுத்து நிறுத்துவதும் நன்மையே. செரண்டாவோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகைக்குச் சற்று அப்பால் இருக்கிறது. இங்கே நண்பகற் கதிரவன் ஆண்டு முழுவதும் தலைக்கு அருகிலேயே நிற்கிறான். கூரைதான் மிகுந்த வெயிலைத் தாங்குகிறது. காலையில் கிழக்குச் சுவரும் மாலையில் மேற்குச் சுவரும் நேர்வெயிலை ஏற்கின்றன. வடக்கும் தெற்கும் மட்டுமே சிறு நிழற்பலகையால் காக்கத்தக்க திசைகள். இந்நிலையில் மேற்குமுகம் முழுவதையும் கண்ணாடியால் மூடி, அதன் பின்னால் திரைச்சீலையை இழுத்துவிட்டு, அறை இருண்டுவிட்டதென்று விளக்கேற்றி, விளக்கின் சூட்டையும் சேர்த்துக் குளிர்சாதனத்தால் வெளியேற்றும் கட்டடங்கள் எத்தனை! சுரங்கத்தில் தானாக ஊறும் நீரை இறைப்பது தொழில். ஆற்றை வாய்க்கால் வெட்டி உள்ளே திருப்பிவிட்டுப் பின்னர் இறைப்பது என்ன தொழில்?

விலை கொடுப்போர் யார்?

கோல சிலாங்கூருக்குச் செல்லும் கடலோரச் சாலையில் காப்பார் இருக்கிறது. அங்கே 1980களில் எழுந்த சுல்தான் சலாவுடின் அப்துல் அசிஸ் மின் நிலையம் நிலக்கரியையும் எரிக்கவல்லது. இந்நாடு எரிக்கும் நிலக்கரி பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வருகிறது. தீபகற்பத்தின் மின்கட்டமைப்பில் ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஓர் அலகு என்பது ஆயிரம் வாட் பொறி ஒன்று ஒரு மணி நேரம் ஓடுவதற்கான மின்சாரம்.

காப்பாரிலிருந்து ஜெராம் வழியாகக் கோல சிலாங்கூர் வரையுள்ள நிலம் தாழ்ந்த கடற்கரை நிலம். மண் அணைகளின் துணையால் கடலைத் தள்ளி நிறுத்தி வாழ்கின்ற ஊர்கள் அங்கே உண்டு. தோட்டத் தமிழர் தலைமுறை தலைமுறையாக உழைத்த மண்ணும் அதனை அடுத்ததே. உலகம் சூடேறிக் கடல் உயர்ந்தால் முதலில் நனைவது அந்நிலம். நகரத்து மாளிகையில் குளிர் தாங்காமல் கம்பளிச் சட்டை அணிந்து வேலை செய்பவருக்கும், அம்மாளிகையின் பின்சந்தில் குளிர்சாதனப் பெட்டி கக்கும் அனலில் அமர்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும் காவலாளிக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் ஒரே கட்டடம்தான். அனுபவம் மட்டும் வேறு. துரை பங்களாவும் லயமும் இடம் மாறியிருக்கின்றனவேயன்றி மறையவில்லை.

இரு நற்சான்றுகள்

குறை கூறுதல் மட்டும் திறனாய்வு ஆகாது. இந்நாட்டிலேயே நன்கு கட்டப்பட்ட கட்டடங்கள் உள்ளன. அவற்றுள் இரண்டு புத்ராஜெயாவில் இருக்கின்றன.

முதலாவது, 2004இல் எரிசக்தி அமைச்சுக்காகக் கட்டி முடிக்கப்பட்ட ‘குறைந்த ஆற்றல் அலுவலகம்’. டென்மார்க் நாட்டின் துணையோடு திட்டமிடப்பட்டது. இதன் சாளரங்கள் பெரும்பாலும் வடக்கும் தெற்கும் நோக்கியவை. மேற்குச் சுவரில் சாளரம் இல்லையென்றே கூறலாம். சாளரங்களைச் சுவரினுள் ஆழமாகப் பதித்து நிழல் தந்தனர். சுவருக்கு வெப்பத்தை எளிதில் கடத்தாத இலேசான கற்காரைக் கற்களைப் பயன்படுத்தி வெளிர் நிறம் பூசினர். கூரைக்குக் கனத்த வெப்பத்தடுப்பு இட்டனர். ஆளில்லாத இடத்தில் விளக்கு தானே அணையும். இவற்றுள் ஒன்றேனும் மாயவித்தை அன்று. ஆயினும் பயன் பெரிது. வழக்கமான அலுவலகங்கள் ஒரு சதுர மீட்டர் தளத்துக்கு ஆண்டொன்றுக்கு 200 அலகுக்கு மேல் விழுங்க, இக்கட்டடம் 100 அலகை இலக்காகக் கொண்டது. நடைமுறையில் அதனைச் சிறிதே தாண்டியது.

இரண்டாவது, 2010இல் எரிசக்தி ஆணையம் குடிபுகுந்த வைரக் கட்டடம். தலைகீழாக நிறுத்திய பிரமிடைப் போன்ற வடிவம்; மேலே செல்லச் செல்ல விரிந்து, சுவர்கள் 25 பாகை வெளிப்புறம் சாய்ந்திருக்கும். பார்ப்போர் இது வெறும் விந்தைக்காகச் செய்தது என்று எண்ணக்கூடும். உண்மை வேறு. மார்கழித் திங்களில் கதிரவன் தெற்கே மிகச் சாய்ந்து நிற்கும்போதும் இந்நிலப்பகுதியில் நண்பகலில் உச்சியிலிருந்து ஏறத்தாழ 26 பாகையே விலகுகிறான். ஆகவே சாய்ந்த சுவரே தனக்குத் தான் குடையாகிறது. பழைய கடைவரிசையின் அஞ்சடி செய்த வேலையை இங்கே முழுக் கட்டடமும் செய்கிறது.

அதன் தளமும் கருதத்தக்கது. கற்காரைத் தளத்தினுள் குழாய்களைப் பதித்து, இரவில் குளிர்ந்த நீரை ஓடவிடுகின்றனர். குளிர்ந்த தளம் பகல் முழுவதும் அறையின் வெப்பத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. தளம் அளவு கடந்து குளிர்ந்தால் இந்நாட்டின் ஈரக்காற்று அதன்மீது பட்டு வியர்த்துவிடும். குளிர்ந்த பானச் செம்பின் புறத்தே நீர் கோத்து நிற்பதைப் போல. எனவே தளத்தை அவ்வெல்லைக்கு மேலேயே வைத்துக்கொண்டு, காற்றின் ஈரத்தைத் தனியே போக்குகின்றனர். பகலொளியைச் சாளரத்தருகே அமைந்த பலகைகள் எதிரொளித்துக் கூரையின் உட்புறம் வழியாக அறையின் ஆழம் வரை அனுப்புகின்றன. இக்கட்டடத்தின் செலவு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 70 அலகு. 2012இல் ஆசியான் எரிசக்தி விருது இதற்குக் கிடைத்தது தகும்.

இவற்றிலும் குறை இல்லாமல் இல்லை. இரண்டும் மூடிய கட்டடங்களே. பொறி நின்றால் உள்ளிருப்போர் சாளரத்தைத் திறந்து பிழைத்துக்கொள்ளும் அமைப்பு அவற்றில் முதன்மை பெறவில்லை. நுண்ணிய ஏற்பாடுகள் ஆதலால் நாள்தோறும் கருத்தோடு பேணும் கைகள் வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய குறை அவற்றின் சுவருக்குள் இல்லை. சுவருக்கு வெளியே இருக்கிறது. ஒன்று எரிசக்தி அமைச்சின் வீடு. மற்றொன்று எரிசக்தி ஆணையத்தின் வீடு. ஆசிரியன் தன் பிள்ளைக்கு மட்டும் நன்றாகப் பாடம் சொல்லிக் கொடுத்த கதையாக இது முடிந்துவிடலாகாது.

ஏன் பரவவில்லை?

காரணம் தேடத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கட்டுகிறவர் ஒருவர், மின்கட்டணம் செலுத்துகிறவர் மற்றொருவர். வீட்டுமனை நிறுவனம் கட்டடத்தை எழுப்பி விற்றுவிடுகிறது. வெப்பத்தடுப்புக்கும் நிழற்பலகைக்கும் ஆகும் செலவு அதற்குச் சுமை. அதனால் வரும் சேமிப்போ பின்னால் வாடகைக்கு வருவோரைச் சேரும். வாடகைக்கு வருவோருக்கோ கட்டடத்தின் பசி எவ்வளவு என்று முன்கூட்டி அறிய வழியில்லை. இச்சந்தையில் நல்ல கட்டடமும் கெட்ட கட்டடமும் ஒரே விலைக்குப் போகின்றன. ஆகவே சட்டம் தலையிட வேண்டியதாயிற்று.

சட்டத்தின் தரம்

கட்டடங்களின் ஆற்றற் சிக்கனத்துக்குரிய மலேசியத் தரம் 1525 என்னும் ஆவணம் 2001இல் வெளிவந்து பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்டது. 2008இல் மின்னாற்றலைத் திறம்பட மேலாள்வதற்கான விதிகள் வந்தன. தொடர்ந்து ஆறு மாதங்களில் 30 இலட்சம் அலகு செலவிடும் நிறுவனம் ஆற்றல் மேலாளர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்றன அவ்விதிகள். இறுதியாக, எரிசக்தித் திறன் பாதுகாப்புச் சட்டம் 2024 இயற்றப்பட்டு, 2025 ஜனவரி முதல் நாள் தீபகற்பத்திலும் லாபுவானிலும் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 21,600 கிகாஜூலும் அதற்கு மேலும் செலவிடுவோர் மேலாளரை அமர்த்திக் கணக்காய்வு செய்ய வேண்டும் என்பதும், 8,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் தளமுடைய அலுவலகக் கட்டடங்கள் தம் ஆற்றற் செலவைக் காட்டும் முத்திரையை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பதும் அதன் சாரம்.

பெரிய எண்ணைக் கண்டு மயங்காமல் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். ஓர் அலகு 3.6 மெகாஜூல். அவ்வாறாயின் 21,600 கிகாஜூல் என்பது 60 இலட்சம் அலகு. ஆறு மாதத்துக்கு 30 இலட்சம் என்று 2008இல் சொன்னதும் ஆண்டுக்கு 60 இலட்சமே. எரிபொருள் வெப்பமும் இப்போது கணக்கில் சேர்கிறது என்பது முன்னேற்றம்தான். ஆனால் மின்சாரத்தைமட்டும் நம்பி வாழும் ஒரு கடைத்தொகுதிக்குப் பதினாறு ஆண்டுகளில் வாசற்படி ஒரு விரற்கடையும் தாழவில்லை.

இன்னும் ஒரு கணக்கு. 10,000 சதுர மீட்டர் தளமுள்ள கட்டடம் சதுர மீட்டருக்கு 200 அலகு வீதம் ஆண்டில் 20 இலட்சம் அலகு செலவிடும். அது 60 இலட்ச எல்லைக்குள் வராது. அலுவலகமாயின் முத்திரையேனும் உண்டு. பேரங்காடியாகவோ தங்கும் விடுதியாகவோ இருந்தால் முதற்கட்டத்தில் அதுவும் இல்லை. அக்கட்டடத்தை 100 அலகுக்குக் கொண்டுவந்தால் ஆண்டுக்கு 10 இலட்சம் அலகு மிஞ்சும். ஏறத்தாழ 750 டன் கரியமில வாயு வானத்தில் ஏறாமல் நிற்கும். புக்கிட் பெருந்தோங் போன்று தோட்டங்கள் இருந்த இடத்தில் எழுந்த நகர்களின் கடைவரிசைகள், பல்பொருள் அங்காடிகள் ஆகியவற்றுள் மிகப் பலவற்றை இவ்வெல்லைகள் தொடமாட்டா.

இடித்துக் கட்ட வேண்டுவதில்லை

பழைய கட்டடங்களை எல்லாம் இடித்து வைர வடிவில் கட்ட வேண்டும் என்று யாரும் கூறார். இருப்பதைத் திருத்தவும் வழியுண்டு. 2011இல் அரசாங்க அலுவலகங்களின் குளிர்சாதனம் 24 பாகைக்குக் கீழே போகலாகாது என்று பணிக்கப்பட்டது. காசு செலவில்லாத திருத்தம் அது. காற்றைத் தள்ளும் விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அதற்கு வேண்டிய ஆற்றல் ஏறக்குறையப் பாதியாகிவிடும். வேகத்தின் முப்படி அளவில் ஆற்றல் கூடிக் குறையும் என்பது இயற்பியல் விதி. எப்போதும் முழு வேகத்தில் ஓடும் பழைய விசிறிகளுக்கு வேகங்குறைக்கும் கருவி பொருத்துவதும், மேற்குக் கண்ணாடிக்கு வெளிப்புறத்தில் நிழல் தருவதும், கூரைக்கு வெண்மை பூசுவதும், திறந்தே கிடக்கும் அங்காடிக் கதவை மூடுவதும் பெருஞ்செலவுக் காரியங்கள் அல்ல. இவற்றைச் செய்வதற்குத் தேர்ந்த கைகள் வேண்டும். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் குளிர்சாதனப் பொறியிலும் மின்தொழிலிலும் பயிற்சி பெற்றால் அவர்களுக்கு அங்கே மதிப்புள்ள வேலை காத்திருக்கிறது.

விரைந்து செய்ய வேண்டிய காரணமும் உண்டு. பழைய தோட்டத்தின் பெயரைத் தாங்கிய எல்மினா வணிகப் பூங்காவில் தரவு மையம் ஒன்றை அமைக்கப்போவதாகக் கூகிள் நிறுவனம் 2024இல் அறிவித்தது. தரவு மையம் என்பது கணிப்பொறிகள் குடியிருக்கும் கட்டடம். இரவும் பகலும் அவை கக்கும் சூட்டை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனைத் தளத்தின் பரப்பால் அளத்தல் பொருந்தாது. கணிப்பொறிக்குச் சென்ற மின்சாரம் எவ்வளவு, கட்டடம் மொத்தமாக உண்டது எவ்வளவு என்று ஒப்பிட்டே அளக்க வேண்டும். அத்தகைய கட்டடங்கள் பெருகும் நாட்டில், ஏனைய கட்டடங்களின் வீண்செலவை மூடுவது இன்னும் இன்றியமையாததாகிறது.

முத்திரையைப் படித்தல்

இச்சட்டத்தின் குறைகள் பல எனினும், அதன் சிறந்த பகுதி அந்த முத்திரையே. மாளிகையின் பசியை மக்கள் அறிய வாசலிலேயே எழுதிவைக்கும் வழக்கம் அதனால் இந்நாட்டில் பிறந்திருக்கிறது. அதனைப் பேரங்காடிகளுக்கும் விடுதிகளுக்கும் விரிவாக்க வேண்டும். 8,000 சதுர மீட்டர் எல்லையைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். 60 இலட்ச எல்லையையும் தாழ்த்த வேண்டும். ஆயினும் படிக்கத் தெரியாதவர் முன்னே ஒட்டப்பட்ட எழுத்தால் பயனில்லை. ஆண்டின் மொத்த மின் அலகைத் தளத்தின் சதுர மீட்டரால் வகுத்தால் வருவதே அவ்வெண். தொடக்கப்பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவன் செய்து முடிக்கும் வகுத்தல் கணக்கு அது. தமிழ்ப்பள்ளிகளில் அக்கணக்கைத் தம் பள்ளியின் மின்கட்டணச் சீட்டைக் கொண்டே சொல்லிக் கொடுக்கலாம். வகுப்பறையின் எந்தச் சுவர் மாலையில் சுடுகிறது என்று கைவைத்துப் பார்க்கச் சொல்லலாம். ஒரு கோலை நட்டு நிழலை அளக்கச் சொல்லலாம். அப்படிக் கற்ற பிள்ளைகள் வளர்ந்து நாளை ஒரு கடையை வாடகைக்கு எடுக்கும்போது, வாசலில் உள்ள எண் என்னவென்று முதலில் கேட்பர்.